கம்பிச்சாமி

வாளியை வரிசையில் வைத்துவிட்டு, அதை யாரும் பின்னால் தள்ளாமல் பார்க்க ஒரு தம்பியையோ தங்கச்சியையோ நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடியவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். பைப்பில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். கிழவர் இருமுகிற மாதிரி. அந்த இருமல் கேட்டதும் எல்லாரும் எழும்பி நிற்போம்.

நான் அதிகம் படிக்கவில்லை. ஞாபகம் இருக்கிறதைச் சொல்கிறேன். விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

எங்கள் சந்து கண்டியில், கட்டுக்கலைப் பக்கம், மலைமேல் ஏறுகிறது. இப்போது த்ரீவீல் போகிறது. அப்போது வெறும் படிக்கட்டு. இரண்டு பக்கமும் தகரக் கூரை வீடுகள். அடியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. சீனி, தேயிலை, மண்ணெண்ணெய், வெங்காயம் எல்லாம் ஒரே வாசமாக இருக்கும். கடைக்குப் பக்கத்தில் பைப். பைப்புக்குச் சற்றுத் தள்ளி, தரையில் ஒரு இரும்பு மூடி. அதன்மேல் நின்றுகொண்டுதான் நாங்கள் பாண்டி விளையாட யார் முதல் என்று பிடித்துக்கொள்வோம். மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் மாமா ஒருநாள் தெல்தெனியச் சந்தைக்குப் போகிறேன் என்று போனவர் வரவில்லை. அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்பக்கத்துச் சின்ன அறை அவளுக்கு.

அப்பா டவுனில் புடவைக் கடையில் நின்றார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. தாத்தாவைப் பற்றி யாராவது கேட்டால், "ஹுன்னஸ்கிரிய பக்கம் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தாரு" என்பார். நான் தாத்தாவைப் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளை என்றால் கோட்டும் குடையும் என்று நினைத்து வைத்திருந்தேன்.

தாத்தா விட்டுப்போன சாமான்கள் வீட்டில் கிடந்தன. தாத்தாவுடையது என்பதுகூட யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. எப்போதும் இருந்தது, அவ்வளவுதான். கறுத்துப்போன ஒரு தடித்த தோல். உள்ளங்கை இரண்டு சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு, நடுவில் குழிந்திருக்கும். சூடான சோற்றுப்பானையை அம்மா அதன்மேல் இறக்கி வைப்பாள். குழி பானைக்குச் சரியாக இருக்கும். அப்புறம் ஒரு வட்டப் பித்தளை. மேலே நம்பர் வெட்டியிருந்தது, பாதி தேய்ந்துவிட்டது. அது என்னுடைய பாண்டிச் சில்லு. கல்லு மாதிரி எகிறாது. போட்ட கட்டத்தில் உட்காரும். சந்தில் என்னை யாரும் ஜெயித்ததில்லை என்றால் அதற்கு என் கால் காரணமில்லை.

மூன்றாவது, சாமி.

அத்தையின் அறை மூலையில் ஒரு இரும்புக் கம்பி நின்றது. என் உயரத்துக்கு மேலே இருக்கும். தலையில் குறுக்கே ஒரு கம்பி. சிவப்புத் துணி சுற்றி, குறுக்குக் கம்பியில் மாலை போட்டால், யாரோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். கீழ்முனை சந்தனம் பூசிப் பூசி உருண்டையாகிவிட்டது. சந்துக்காரர்கள் கம்பிச்சாமி என்பார்கள். வெள்ளிக்கிழமை பெண்கள் வருவார்கள். கற்பூரம், எலுமிச்சங்காய், தேங்காய், ஒரு சுண்டு அரிசி. அத்தை எல்லாரையும் உட்கார வைத்து, கற்பூரம் காட்டி, பிறகு குறுக்குக் கம்பியில் இடது காதை வைத்துக் கண்ணை மூடுவாள். அப்போது குழந்தைகூட அழாது. கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லுவாள்.

"வருது."

அவள் எப்போதும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவாள். பிறகு, "காய்ச்சல் எறங்கிடும், சாப்பாட்ட கொற." அல்லது, "அவரு திரும்பி வருவாரு. ஆனா நீ போய்க் கூப்புடாத." சில சமயம், "ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரம் வா."

சொன்னதில் பாதி பலித்தது. ஆஸ்பத்திரியில் சொன்னதும் பாதிதான் பலித்தது.

அம்மாவுக்குப் பிடிக்காது. "ஒங்க அக்கா காத வெச்சு சோறு திங்கிறா, நான் கைய வெச்சுத் திங்கிறேன்" என்று அப்பாவிடம் சொல்லுவாள். ஆனால் அந்த அரிசியும் தேங்காயும் எங்கள் அடுப்புக்குத்தான் வந்தன. கூப்பன் அரிசி முடிகிற வாரத்தில் அம்மா பேசமாட்டாள். அத்தையும் அந்த வாரத்தில் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாள். புருசன் விட்டுப்போனவள், தம்பி வீட்டில் சாப்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை இல்லையென்றால் அவளுக்கு அந்த வீட்டில் என்ன பேர்? அப்போது எனக்கு இது தெரியாது. இப்போது தெரிகிறது.

அந்த வருசம் மாசியில் மழை இல்லை. பங்குனியிலும் இல்லை. வாவி இறங்கிப்போய் ஓரத்தில் சேறு வெடித்து நின்றது. மீன் நாற்றம் டவுன் முழுக்க வரும். மலைக்காட்டுக் குளத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று, முனிசிபல்காரர்கள் ஒரு பக்கம் திறந்து ஒரு பக்கம் மூடி, முறை வைத்துக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில்தான் எனக்குத் தம்பி பிறந்தான்.

ஒருநாள் காலையில் எங்கள் சந்துக்குப் போகிற தண்ணீரை மூட முனிசிபல் தண்ணீர்க்காரர் வந்தார். இளம் ஆள், சிங்களவர். நான் சில்லோடு கீழே நின்றேன். அவர் மூடியைத் தூக்கினார். உள்ளே கை போகாத அளவுக்கு ஒரு ஒடுக்கமான குழி, கல் கட்டியது. அடியில் ஏதோ சதுரமாகத் தெரிந்தது. அவர் தோளிலிருந்து ஒரு நீளக் கம்பியை இறக்கினார். தலையில் குறுக்கே ஒரு கம்பி.

நான் அவரையே பார்த்தேன். தோளில், கம்பி அழுத்தாமல் இருக்க ஒரு தோல் கட்டியிருந்தார். எங்கள் சோற்றுப்பானைத் தோல். சட்டையில் ஒரு வட்டப் பித்தளை. என் சில்லு.

அவர் கம்பியைக் குழிக்குள் விட்டுத் திருகினார். அது சும்மா சுற்றியது. "மே யதுர லொக்கு வெடி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "நங்கி, இந்த சாவி வாய் பெரிசு. கீழே வால்வுத் தலை சின்னது. பழைய கால வேலை." ஒரு இரும்புத் துண்டை ஆப்பாகச் செருகி, பல்லைக் கடித்துத் திருகி ஒருவழியாக மூடினார். மூடிவிட்டு, குறுக்குக் கம்பியில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

அத்தை மாதிரியே.

நான் படி ஏறி ஓடினேன். அத்தை விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். சாமி மாதிரி ஒரு கம்பி, பானைத் தோல், சில்லு, காது. அவள் கையால் என் வாயைப் பொத்தினாள். கை கற்பூரம் மணத்தது.

"யார்கிட்டயாச்சும் சொன்ன, நாக்க அறுத்துருவேன்."

கையை எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எந்தக் காத வெச்சான்?"

"இது." வலது காதைக் காட்டினேன்.

"அங்க அப்படி நின்னா மத்தக் காதுல ரோட்டுச் சத்தம் வரும். அதுல என்ன கேக்கும் அவனுக்கு" என்றாள்.

அவளுக்கு முன்னமே தெரியும் என்று அப்போதே எனக்குப் பட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு வேண்டும் எனக்கு.

மறுநாள் அவர் திறக்க வந்தார். ஆப்பு வழுக்கியது. அதற்கு மறுநாளும் வழுக்கியது. ஓவர்சியர் ஒருவர் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். ரோட்டை வெட்ட வேண்டும், அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும், வெயில் காலத்தில் எல்லா இடமும் வேலை இருக்கிறது என்றார். தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

சந்து காய்ந்தது. ஸ்டேஷன் பக்கத்துப் பைப்பில் நின்று சுமந்தோம். அங்கே நின்றவர்கள், "ஒங்க சந்துல ஆளே இல்லாம பூராம் இங்கயா வந்துட்டீங்க" என்று வாளியை நகர்த்துவார்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். தம்பியின் துணி துவைக்க வேண்டும். அத்தைதான் சுமந்தாள். படியேறி ஏறி அவள் கணுக்கால் வீங்கியது. அம்மா அதைப் பார்த்தாள். ஒருநாள் வெந்நீரைப் பாதியில் நிறுத்தி, "மிச்சத்துல நீங்க கால வைங்க அண்ணி" என்றாள். அம்மா அத்தையை அண்ணி என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல்.

வெள்ளிக்கிழமை வந்தது. அறை நிறைந்துவிட்டது. வாசலிலும் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். மேல் வீட்டு அக்கா கேட்டாள். வாய்த்துடுக்கானவள்.

"காய்ச்சலும் வேணாம், கல்யாணமும் வேணாம். தண்ணி எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க. சாமிக்கும் குளிச்சு நாளாச்சு, வாசம் தாங்கல."

இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தை கற்பூரம் காட்டினாள். குறுக்குக் கம்பியில் காதை வைத்துக் கண்ணை மூடினாள்.

வருது என்று சொல்லவில்லை.

கற்பூரம் அணைந்தது. இன்னும் அவள் காதை எடுக்கவில்லை. அவள் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். யாரோ திட்டுவதைக் கேட்கிறவள் மாதிரி இருந்தது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பாள். ஒரு பொய் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கம்பியிடம் போய்த் தண்ணீர் எப்போது என்று கேட்டுவிட்டார்கள்.

காதை எடுத்தாள். மாலையைக் கழற்றினாள். துணியை அவிழ்த்தாள்.

"ஐயோ, என்ன செய்றீங்க" என்று மேல் வீட்டு அக்காவே கத்தினாள். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எந்திரிங்க. வழி விடுங்க" என்றாள் அத்தை. என்னைப் பார்த்து, "சோத்துப்பானைக்கு அடியில இருக்குற தோல எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். அத்தை அதைத் தோளில் வைத்துக் கம்பியைத் தூக்கி அதன்மேல் சாய்த்தாள். குழி அவள் தோளுக்கும் சரியாக இருந்தது. படியிறங்கினாள். பெண்கள் எல்லாம் பின்னால். நான் முன்னால்.

தண்ணீர்க்காரர் நானா கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, சண்டைக்கு வருகிறோம் என்று எழும்பிவிட்டார்.

"மூடியத் தொறங்க தம்பி" என்றாள் அத்தை.

கம்பியைப் படுக்கவைத்தாள். நானாவிடம் கத்தி வாங்கினாள். கீழ்முனையில் உருண்டு கிடந்த சந்தனத்தைச் சுரண்டினாள். அது கல்லாகியிருந்தது. பட்டை பட்டையாக உதிர்ந்தது. உள்ளே ஒரு சதுர வாய் தெரிந்தது. வாய்க்கு மேலே முனிசிபல் எழுத்து.

"அம்மே!" என்றார் தண்ணீர்க்காரர். "இது எங்கே இருந்துச்சு அக்கா?"

"வீட்ல நின்னுச்சு."

குழிக்குள் விட்டாள். டக் என்று உட்கார்ந்தது. இவர் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் பிடித்தார்கள். முதலில் அசையவில்லை. பிறகு கீழே எங்கேயோ முனகியது. திரும்பியது. அத்தை அவரை நிறுத்தச் சொல்லி, குறுக்குக் கம்பியில் இடது காதை வைத்தாள். கண்ணை மூடினாள்.

"வருது" என்றாள்.

பைப் இருமியது. சிவப்பாகக் கொஞ்சம் துப்பியது. பிறகு வெள்ளையாகக் கொட்டியது. வாளி எடுக்க ஓடிய சத்தத்தில் அத்தையை எல்லாரும் மறந்துபோனார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பெரிய சந்தோசம் ஒன்றும் முகத்தில் இல்லை.

நானா கடைக்குள்ளிருந்து சொன்னார். "மகள், ஒங்கட தாத்தாட சாவி இது. விடியக் காலையில தோள்ல போட்டுட்டு வருவாரு. இந்த டவுன்ல பாதிப் பேருக்கு அவருதான் தண்ணி தொறந்த மனுசன். நான் சின்னப் புள்ள அப்ப."

"ஒங்களுக்குத் தெரியுமா நானா?"

"தெரியும்தானே. ஒங்கட வாப்பா கணக்கப்பிள்ளைங்கிறாரு. அத்தை சாமிங்கிறா. நான் வெங்காயம் விக்கிறவன், எனக்கென்னத்துக்கு?"

அப்பா சாயந்தரம் வந்தார். கீழேயே எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கம்பி நனைந்தபடி சுவரில் சாய்ந்திருந்தது. அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இத்தன வருசமா ஊர ஏமாத்திட்டு இருந்தியாக்கா?"

"நீ பழைய இரும்புக்காரன கூட்டிட்டு வந்து நிறுத்துன. ஞாபகம் இருக்கா?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அப்பா செத்த வருசம் ஆயுத பூசைக்கு நான்தான் இதுக்குச் சந்தனம் வெச்சேன். மூலையில அப்படியே நின்னுச்சு. நீ தூக்கிக் குடுக்கப் போன. சாமி எறங்கியிருக்கு, தொடாதன்னேன். இரும்புக்காரன் திரும்பிப் போயிட்டான். அப்பா பொருளுன்னு சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்பியா?"

"அதுக்கு, காது வெச்சுக் குறி சொல்லணுமா?"

"மொதல்ல அப்பா ஞாபகத்துக்குத்தான் வெச்சேன். நான் கஞ்சி கொண்டு போறப்ப என்னையும் இதுல காது வைக்கச் சொல்லுவாரு. தண்ணி ஓடுறது கேக்கும். நான் வெக்கிறத ஒருத்தி பாத்துட்டா. பிள்ளைக்குக் காய்ச்சல்னா. ஏதோ சொன்னேன். எறங்கிருச்சு." அத்தை கம்பியைப் பார்த்தாள். "ஊர ஏமாத்தாதவன் ஒருத்தன் இந்த வீட்ல இருந்தா அவன் பேசட்டும்."

உள்ளே தம்பி அழுதான். அவன் ஒருவன்தான் பேசினான்.

மறுநாள் தண்ணீர்க்காரர் வந்து வாசலில் நின்றார். சங்கடத்தோடு நின்றார். இது முனிசிபல் சாமான், கேட்டால் என்ன சொல்கிறது, இந்தச் சந்துக்கு வேறு சாவியும் இல்லை என்றார். அத்தை தானே தூக்கிக் கொடுத்தாள். தோலைக் கொடுக்கவில்லை. "அது எங்க சோத்துப்பானைக்கு வேணும்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சிலர் வந்தார்கள். பழக்கம்தானே. கையில் கற்பூரத்தோடு, காலி மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தரையில் ஒரு வட்டக் கறை மட்டும் இருந்தது.

"சாமி வேலைக்குப் போயிருக்கு" என்றாள் அத்தை. "நீங்களும் போங்க."

பிறகு யாரும் வரவில்லை. அரிசியும் வரவில்லை. அத்தை இடியப்பம் அவித்து நானா கடையில் வைத்தாள். விடியக் காலையில் எழும்பி உரலை அழுத்துவாள். அம்மா சில நாள் கூட உட்கார்ந்து பிழிந்தாள். முன்பு மாதிரி அத்தை நிமிர்ந்து நடந்தாளா என்று கேட்டால், அந்த வருசம் இல்லை. சந்தில் ஒரு சிலர் பின்னால் சிரித்தார்கள். அப்பாவைப் பார்த்தும் சிரித்தார்கள். அவர் கொஞ்ச நாள் பின்பக்கத்துப் படியால் இறங்கிக் கடைக்குப் போனார். தாத்தாவைப் பற்றி அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை வரவில்லை. தண்ணீர்க்காரர் என்றும் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

இப்போது யோசிக்கிறேன். அப்பாவைக் கள்ளன் என்று நினைத்தேன் அப்போது. புடவைக் கடையில் முதலாளி முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு கணக்கப்பிள்ளை அப்பா தேவைப்பட்டிருக்கிறார். அத்தைக்கு ஒரு சாமி தேவைப்பட்டது. கம்பிக்கு ரெண்டும் தேவைப்படவில்லை.

மழை வந்தது. வாவி நிறைந்தது. புரட்டாசியில் ஆயுத பூசை. அப்பா கடையிலிருந்து துணி அளக்கும் கோலையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து வைத்தார். அம்மா அரிவாள்மனை வைத்தாள். அத்தை இடியப்ப உரலைக் கழுவி வைத்தாள். நான் சில்லைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். நம்பர் கொஞ்சம் தெரிந்தது.

கும்பிடப் போகிற நேரம், வாசலில் தண்ணீர்க்காரர். தோளில் கம்பி.

"இந்த அக்கா சொன்னாங்க, இன்னைக்கு ஒங்க ஆளுங்க சாமான் எல்லாத்துக்கும் பூசை போடுறதாமே" என்றார். கம்பியை அந்த மூலையிலேயே, கறையின் மேலேயே சாய்த்தார். "ஆனா காலையில எனக்கு ஓணும். ஹரித, சரிதானே?"

அத்தை சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். எடுத்தவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா எழும்பி வந்தார். கிண்ணத்தை வாங்கினார். வெள்ளைச் சட்டையோடு கம்பிக்கு முன்னால் குந்தினார். குறுக்குக் கம்பியில் ஒரு பொட்டு வைத்தார். நடுவில் ஒன்று. பிறகு கீழ்முனைக்குக் கையைக் கொண்டுபோனார்.

அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாயில வைக்காதடா. அடைச்சிரும். நாளைக்கு வேல இருக்கு."

பிறகு வந்த கலவரத்தில் நாங்கள் ஒருநாள் கையில் கிடைத்ததோடு ஓடினோம். உங்களில் பலரும் ஓடியிருப்பீர்கள். தோல் விட்டுப்போனது. அத்தையும் அப்பாவும் இப்போது இல்லை. சில்லு இருக்கிறது. இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறது.

தண்ணீர் நிற்கிற நாளில் நான் சமையல்கட்டுப் பைப்பில் இடது காதை வைப்பேன். மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் வாளி தேடுவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.

வருது.